ஒரு போத்தல் அயோடினும் இருநூறு ஆண்டு வரலாறும்

"உடற்பயிற்சியும் சத்து மாத்திரைகளும்" என்ற தலைப்பில் நம் அரங்கம் கூடிய அன்று, கேள்வி நேரம் முடியப் போகும் தறுவாயில், பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார். "அக்கா, நான் வாரத்துல நாலு நாள் காற்பந்து ஆடுறேன். சட்டையப் பிழிஞ்சா தண்ணி கொட்டும். வியர்வையில அயோடின் போயிடும்னு சொல்லி இத வித்தாங்க. சாப்பிடலாமா?" என்று ஒரு சிறு போத்தலைத் தூக்கிக் காட்டினார். மேடையிலிருந்த மருத்துவர் பதில் சொல்லத் தொடங்கியதுமே, ஒளிப்பதிவுக் கருவிக்குப் பின்னால் நின்ற தயாரிப்பாளர் எனக்குக் கை காட்டிவிட்டார். நேரம் முடிந்தது. நானும் சிரித்த முகத்தோடு நன்றி சொல்லி நிகழ்ச்சியை முடித்து வைத்தேன்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு தேநீர் மேசையருகே அந்தத் தம்பியையும் அவருடைய தாயாரையும் சந்தித்தேன். போத்தலை வாங்கிப் பார்த்தேன். ஒரு மாத்திரையில் 12.5 மில்லிகிராம் அயோடின் என்று அச்சிட்டிருந்தது. எனக்கு அது பெரிய எண்ணாகத் தெரியவில்லை. மருத்துவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். இது மில்லிகிராம்" என்றார். நான் படித்தது பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா. கணக்கு எனக்குத் தகராறுதான். இருந்தாலும் கைத்தொலைபேசியில் வகுத்துப் பார்த்தேன். எண்பத்து மூன்று நாள் அயோடின் ஒரே மாத்திரையில்!

அப்போதுதான் அந்த அம்மா, "நானும் மூணு மாசமா இவன்கூட சேர்ந்து இததான் போடுறேன்மா" என்றார். அவர் கையிலிருந்த தேநீர்க் குவளை தட்டில் மோதிக் கடகடவென்று சத்தமிட்டுக்கொண்டே இருந்தது. கழுத்தின் முன்பக்கத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம். இருபது வருடமாக இருக்கிறதாம். வலியில்லை என்பதால் யாரிடமும் காட்டவில்லை. மருத்துவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அந்தத் தம்பியின் கேள்விக்கு நான் கொடுக்கத் தவறிய நேரத்தை இன்றைய உரையில் கொடுக்க விரும்புகிறேன். அதைத் தேடிப் போனபோது, இந்தக் கேள்வி இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நகரத்தைக் கலக்கிய கேள்வி என்று தெரிந்துகொண்டேன்.

அயோடின் ஒரு போரின் போது கிடைத்த பொருள். 1811ஆம் ஆண்டு, நெப்போலியனின் பிரான்ஸ். துப்பாக்கி மருந்துக்கு வெடியுப்பு வேண்டும். பாரிஸில் பெர்னார் கூர்த்துவா என்பவருக்குக் குடும்பத் தொழிலே வெடியுப்பு காய்ச்சுவதுதான். அதற்குத் தேவையான சாம்பலுக்காகக் கடற்கரையிலிருந்து கடற்பாசியைக் கொண்டுவந்து எரித்தார். ஒரு நாள் அந்தச் சாம்பல் கரைசலில் கந்தக அமிலம் சற்று அதிகமாக விழுந்தது. ஊதா நிறத்தில் ஆவி எழும்பி, குளிர்ந்த இடங்களில் கருமையான பளபளக்கும் துகள்களாகப் படிந்தது. இது புதிதாக ஏதோ ஒன்று என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் ஆராய்வதற்குப் பணமில்லை, நண்பர்களிடம் ஒப்படைத்தார். 1813இல் செய்தி வெளியானது. பிரெஞ்சு அறிஞர் கே லூசாக்கும், அச்சமயம் பாரிஸ் வந்திருந்த ஆங்கிலேயர் ஹம்ப்ரி டேவியும் போட்டி போட்டு ஆராய்ந்து, இது ஒரு தனிமம் என்றார்கள். கிரேக்க மொழியில் ஊதா நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் வந்தது. பெயரும் புகழும் மற்றவர்களுக்குப் போக, கூர்த்துவா 1838இல் ஏழையாகவே இறந்தார். காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து எரியும்போதெல்லாம் இனி எனக்கு அந்த மனிதரின் ஞாபகம்தான் வரும்.

இனி மருந்துக்கு வருவோம். கழுத்துக்கழலை என்பது மலைநாடுகளின் பழைய நோய். கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பி, தனக்கு வேண்டிய அயோடின் கிடைக்காதபோது, கிடைக்கும் கொஞ்சத்தையும் பிடித்துக்கொள்ள முயன்று பெருத்துப் போகிறது. அதன் காரணம் அன்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஐரோப்பாவில் கடற்பஞ்சைச் சுட்டுச் சாம்பலாக்கியும், சீனாவில் கடற்பாசியைக் கொண்டும் பல நூற்றாண்டுகளாக வைத்தியம் பார்த்து வந்தார்கள். ஜெனிவா நகர மருத்துவர் கொயிந்தே, கடற்பாசிச் சாம்பலில் அயோடின் இருந்தால் கடற்பஞ்சுச் சாம்பலிலும் அதுதானே வேலை செய்திருக்க வேண்டும் என்று யோசித்தார். 1820இல் அயோடினைச் சாராயத்தில் கரைத்துச் சொட்டு மருந்தாகக் கொடுத்தார். கழலைகள் சுருங்கின.

ஊர் சும்மா இருக்குமா? மருந்துக் கடைகளில் கூட்டம். மருத்துவரைப் பார்க்காமலே வாங்கி, சொட்டுக் கணக்கெல்லாம் இல்லாமல் குடித்தார்கள். சில மாதங்களில் வேறு விதமான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, சாப்பிட்டும் மெலிந்து போகும் உடம்பு. நல்ல மருந்து கண்டுபிடித்த மனிதரை ஊரே திட்டியது. கொயிந்தே தாமே மிகையான அளவின் ஆபத்தை எழுதி எச்சரிக்க வேண்டியதாயிற்று. ஜெனிவா மருத்துவர்கள் அன்று எழுதி வைத்த அந்த அடையாளங்களைப் படித்தபோது எனக்குத் தேநீர்க் குவளையின் சத்தம்தான் கேட்டது.

ஒரு முறை பட்டதும் பாடம் வந்துவிடவில்லை. தென் அமெரிக்காவில் சுரங்க வேலைக்குப் போயிருந்த பூசிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர், சில ஊற்றுகளின் உப்பைச் சாப்பிடும் ஊர்களில் கழலையே இல்லை என்பதைக் கவனித்தார். அந்த உப்பில் அயோடின் இருந்தது. அதை எல்லாருக்கும் கொடுக்கலாமே என்று 1830களின் தொடக்கத்தில் எழுதினார். 1850களில் ஷாத்தேன் என்பவர் ஊர் ஊராகத் தண்ணீரைச் சோதித்து, அயோடின் குறைந்த இடத்தில் கழலை மிகுதி என்று சொன்னார். பிரான்சின் சில மாவட்டங்களில் அயோடின் கலந்த உப்பையும் மாத்திரையையும் கொடுத்தும் பார்த்தார்கள். அளவு மிதமிஞ்சிப் போனது. பக்க விளைவுகளைக் கண்டு பயந்து எல்லாவற்றையும் கைவிட்டார்கள். சரியான மருந்து, தவறான அளவு என்பதால் இன்னும் அரை நூற்றாண்டு வீணாயிற்று. அதற்கிடையே எத்தனை குழந்தைகள் மூளை வளர்ச்சி குன்றிப் பிறந்தார்களோ! கருவுற்ற தாய்க்கு அயோடின் போதாமல் போனால் பிள்ளையின் அறிவு வளர்ச்சியே பாதிக்கப்படும் என்பதை மறந்துவிடக் கூடாது. கழுத்து வீக்கம் வெளியே தெரியும் பாதிதான்.

தைராய்டு சுரப்பியின் உள்ளேயே அயோடின் இருக்கிறது என்பதை ஜெர்மானிய வேதியியலாளர் பௌமன் 1895இல் கண்டார். அதன்பின்தான் இது வெறும் நாட்டு வைத்தியம் அல்ல என்று விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டார்கள்.

இனி "சுறுசுறுப்பானவர்கள்" கதைக்குள் வருகிறார்கள். முதலாம் உலகப் போருக்கு அமெரிக்கா ஆள் எடுத்தபோது, மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே ஹௌட்டன் வட்டாரத்தில் ஒரு மருத்துவர் 583 இளைஞர்களைச் சோதித்தார். சுமார் முப்பது விழுக்காட்டினருக்குக் கழலை. இவர்கள் படுத்த படுக்கையாய்க் கிடந்த நோயாளிகள் அல்லர், உழைத்துச் சாப்பிடும் வயதுப் பையன்கள். சிலருக்கு இராணுவச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போடவே முடியவில்லை. துப்பாக்கி தூக்கத் தெம்பிருந்தும் படை அவர்களைத் திருப்பி அனுப்பியது. சுவிட்சர்லாந்திலும் இதே கதைதான்.

அதே நேரத்தில், 1917இல், ஓஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரில் டேவிட் மரீனும் ஆலிவர் கிம்பாலும் பள்ளி மாணவிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். அயோடின் உப்பு பெற்ற 2,190 பேரில் கழலை கண்டவர்கள் 5 பேர் மட்டுமே. பெறாத 2,305 பேரில் 495 பேர். இப்படிப்பட்ட எண்கள் வந்த பிறகு யாரால் மறுக்க முடியும்? ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் சில நாள்களுக்குள் 2 கிராம் கொடுத்தார்கள். இன்றைய கண்ணோட்டத்தில் அது மலைக்க வைக்கும் அளவு. நன்மை நடந்தது. ஆனால் அவ்வளவு தேவைப்படவே இல்லை என்பதை இன்னொருவர் காட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான். சுவிட்சர்லாந்தின் வாலே பகுதியில் ஓட்டோ பேயர்ட் என்ற கிராமத்து மருத்துவர். 1918இல், கிரெகென் என்னும் மலைக் கிராமத்தில், சாதாரண சமையல் உப்பில் அயோடினைத் தம் கையாலேயே மண்வெட்டியால் கலந்து, கோவேறு கழுதையின் முதுகில் ஏற்றிக் கொண்டுபோய்க் குடும்பங்களுக்குக் கொடுத்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேறு வேறு அளவு. மிகக் குறைந்த அளவு பெற்ற வீட்டிலும் கழலை சுருங்கியது! கிலோ உப்புக்குச் சில மில்லிகிராம், அவ்வளவுதான். நூறு ஆண்டுகளாக எல்லாரும் தேடிய விடை அந்த மூட்டையில் இருந்தது. 1922இல் அப்பென்செல் வட்டாரத்தில் எக்கன்பெர்கர் என்ற மருத்துவரின் முயற்சியால் அயோடின் உப்பு கடைக்கு வந்தது. தொடக்கத்தில் நாட்டின் அளவு கிலோவுக்கு 3.75 மில்லிகிராம். படிப்படியாக, பார்த்துப் பார்த்து உயர்த்தி, 2014இல் 25 மில்லிகிராமுக்கு வந்தார்கள். தொண்ணூறு ஆண்டுகள்! அவசரமே படவில்லை. அமெரிக்காவில் 1924இல் மிச்சிகன் மாநிலம் தொடங்கி வைத்தது.

ஆசியாவுக்கு வருவோம். இந்தியாவில் இமாச்சலத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1950களின் நடுவில் மருத்துவர் ராமலிங்கசுவாமி தலைமையில் நடந்த ஆய்வு அயோடின் உப்பின் பயனை மெய்ப்பித்தது. 1962இல் தேசியத் திட்டம் வந்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் அயோடைடு வகை எளிதில் ஆவியாகி விடுவதால், நிலைத்து நிற்கும் அயோடேட் வகையைக் கலக்கிறார்கள். நம் வீட்டு மழைக்கால ஈரத்தில் உப்பு ஜாடியைத் திறந்து போடாதீர்கள் என்று பாட்டி சொன்னதற்கு அவர் அறியாத ஒரு காரணமும் இருக்கிறது.

பாட்டியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லி விடுகிறேன். நம்மில் பலர், கடல் உப்புத்தானே, கல் உப்புத்தானே, அதில் இயற்கையாகவே அயோடின் இருக்கும் என்று நம்புகிறோம். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் உப்பளத்தில் விளையும் உப்பில் அது மிக மிகக் குறைவு. கடல் தண்ணீரிலேயே லிட்டருக்கு 50, 60 மைக்ரோகிராம்தான். கடற்பாசியும் மீனும்தான் அதைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. தூத்துக்குடி உப்பானாலும் சரி, இப்போது நாகரிகமாகிவிட்ட இளஞ்சிவப்பு இமாலய உப்பானாலும் சரி, தொழிற்சாலையில் கலந்தால்தான் உண்டு.

நம் நாட்டுக் கதை சரவாக்கில் இருக்கிறது. உட்பகுதி ஆறுகளின் ஓரத்து இபான் நீண்ட வீடுகளில் கழலை மிகுதி. கடல் மீன் எட்டாத தூரம். போதாக்குறைக்கு, ஏற்கெனவே அயோடின் குறைவாக இருக்கும் உடம்புக்கு மரவள்ளி இன்னும் கேடு செய்யும். ஆஸ்திரேலிய மருத்துவர்கள் அங்கே ஒரு கிராமத்துக் குடிநீரிலேயே அயோடினைக் கலந்து பார்த்து, கழலை சுருங்கியதை 1981இல் வெளியிட்டார்கள். சபா, சரவாக்கில் முதலில் வந்த அயோடின் உப்புக் கட்டாயம் தீபகற்பத்துக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு நமக்கென்ன என்று இருந்தவர்களில் நானும் ஒருத்தி.

சரி, வியர்வை? விற்றவர் சொன்னது முழுப் பொய்யா? இல்லை. அதுதான் இதிலுள்ள சிக்கல். வியர்வையில் அயோடின் போகத்தான் செய்கிறது. தைவானில் உயர்நிலைப் பள்ளிக் காற்பந்து வீரர்கள் 13 பேரை ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ 37 மைக்ரோகிராம் அயோடின், ஒரு மணி நேர ஆட்டத்தில் சராசரியாக 52 மைக்ரோகிராம் இழப்பு என்று கணக்கிட்டார்கள். அந்தப் பதின்மூவரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தைராய்டு சற்றுப் பெருத்திருந்தது. அதிகம் ஓடியாடாத மாணவர்களிடம் அது நூற்றில் ஒருவருக்குத்தான். பதின்மூன்று பேரை வைத்து உலகத்துக்குச் சட்டம் எழுத முடியாதுதான். ஆனாலும் நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் வெயிலில் ஆடும் பிள்ளைகளுக்கு இது அலட்சியம் செய்யும் விஷயமல்ல. குறிப்பாக மீனும் முட்டையும் பாலும் தொடாதவர்கள், உடம்பைக் குறைக்கிறேன் என்று உப்பையே ஒதுக்கியவர்கள், வீட்டில் அயோடின் கலக்காத உப்பைப் புழங்குகிறவர்கள், இவர்களுக்குக் கையிருப்பு சீக்கிரம் கரையும்.

ஆனால் அந்த எண்ணைப் பாருங்கள். 52 மைக்ரோகிராம். கிலோவுக்கு 20 மில்லிகிராம் கலந்த உப்பென்றால், ஒரு கிராம் உப்பில் 20 மைக்ரோகிராம். அரைத் தேக்கரண்டிச் சமையல் உப்பு ஒரு மணி நேர ஆட்டத்தை ஈடுகட்டிவிடும். அதுவும் நாம் எப்படியும் சாப்பிடுகிற உப்பில்தான். கூடுதலாக அள்ளிப் போடச் சொல்லவில்லை, இரத்த அழுத்தம் வேறு காத்திருக்கிறது. கூட ஒரு துண்டுக் கடல் மீன் குழம்பு இருந்தால் முடிந்தது. 52 மைக்ரோகிராம் ஓட்டையை 12,500 மைக்ரோகிராமைக் கொண்டு அடைக்கச் சொல்வதுதான் அந்தப் போத்தல். அமெரிக்காவில் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வகுத்திருக்கும் உச்ச வரம்பே 1,100தான். ஐரோப்பாவில் 600.

மிகையானால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு உண்டு. ஜப்பானின் ஹொக்காய்டோ கடற்கரையில் கொம்பு என்ற கடற்பாசியை அளவுக்கு மீறித் தின்ற மீனவர் குடும்பங்களில், அயோடின் கூடியதாலேயே கழலை வந்தது என்று 1965இல் எழுதினார்கள். கூடினாலும் கழலை, குறைந்தாலும் கழலை! மிகுந்த அயோடின் வந்தால் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்ளும் என்பதை வுல்ஃப், சைக்காஃப் என்ற இருவர் 1948இலேயே எலிகளிடம் காட்டியிருந்தார்கள். நல்ல சுரப்பி சில நாளில் சமாளித்துத் திரும்பி விடும். பழைய முடிச்சு விழுந்த சுரப்பி அப்படியல்ல. அது நேர்மாறாக, கிடைத்ததையெல்லாம் ஹார்மோனாக மாற்றிக் கொட்டும். ஆஸ்திரேலியாவின் தஸ்மானியாவில் 1966இல் ரொட்டி மாவில் அயோடின் சேர்த்தபோது, கழுத்தில் நெடுநாள் முடிச்சு இருந்த முதியவர்களிடையே தைராய்டு மிகைச் சுரப்பு சட்டென்று கூடியது. ரொட்டியில் இருந்தது கொஞ்சமே. அதற்கே அப்படி.

இப்போது தேநீர் மேசைக்குத் திரும்புவோம். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர், அறுபது தாண்டியவர், இருபது வருட முடிச்சு, மூன்று மாத மாத்திரை. மகன் தனக்கு வாங்கிய நல்ல பொருளில் அம்மாவுக்கும் பங்கு கொடுத்திருக்கிறார். பாசம்தான். மருத்துவர் நாடியைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதை இன்றோடு நிறுத்துங்கள். நாளைக்கே இரத்தம் சோதியுங்கள்" என்றார். "வயசாச்சு, அதனாலதான் கை நடுங்குதுன்னு நெனச்சேன் டாக்டர்" என்றார் அந்த அம்மா. தம்பி தலையே நிமிரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கும் உறுத்தலாகத்தான் இருந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்விக்கு இரண்டு நிமிடம் கொடுத்திருந்தால், அதே போத்தலை வாங்கி வைத்திருக்கும் இன்னும் எத்தனையோ வீடுகள் கேட்டிருக்கும்.

பத்து நாள் கழித்துத் தம்பி நிகழ்ச்சி அலுவலகத்துக்கு அழைத்தார். அம்மாவுக்கு ஹார்மோன் அளவு கூடியிருந்ததாம். மருந்து தொடங்கியாயிற்று, முடிச்சையும் ஒலிக்கதிர் கொண்டு பார்க்கப் போகிறார்கள். தம்பியின் இரத்தத்தில் குறை ஒன்றும் இல்லை. வீட்டு உப்புப் பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தாராம், அயோடின் கலந்ததுதான். காற்பந்து தொடர்கிறது.

"போத்தல என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். மாத்திரையைக் கொட்டிவிட்டு அம்மா அதைக் கழுவிக் காயவைத்து ஓமம் போட்டு வைத்திருக்கிறாராம்.